கரைக்கு வந்த பிளாஸ்டிக்குக்கு ஐந்தொகை

சென்ற இதழில், கோடையில் மீன்குட்டையை வற்ற வைத்துக் காயப்போடுவது பற்றி எழுதியபோது, "கரையில் கிடக்கும் பழைய வலையையும் சாக்கையும் கொளுத்திவிடாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும், சேறு எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்பீர்கள் என நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியவை. கொளுத்தாமல் வேறு என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

ஆச்சி, ஒன்றரை ஏக்கரில் குட்டை வைத்திருக்கிறேன். ஐந்து வருடத்துப் பழைய இழுவலை, பறவைத் தடுப்பு வலை, கயிறு எல்லாம் மோட்டார் அறைக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் "கலப்படம்" என்று சொல்லித் தொடவே மறுக்கிறார். நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?
— தேவகோட்டை வாசகர்

கடைக்காரர் மேல் வருத்தப்படாதீர்கள் தம்பி. அவர் சொன்ன சொல்லிலேயே வழி இருக்கிறது. பிளாஸ்டிக் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கலப்படம் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

ஓர் இழுவலையைக் களத்தில் விரித்துப் பாருங்கள். வலையின் உடம்பு பெரும்பாலும் நைலான். மேல்கயிறும் கீழ்க்கயிறும் பாலிபுரோப்பிலீன். மேலே கோத்த மிதவைகள் வேறு ஒரு பிளாஸ்டிக். கீழே வரிசையாக ஈயக்குண்டு. ஒரே வலைக்குள் நான்கு பொருள். பாலிபுரோப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும். நைலான் 220 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும். ஒன்று பாகாக ஓடும்போது இன்னொன்று நூலாகவே நிற்கும். இரண்டையும் சேர்த்து உருக்கும் ஆலைக்காரர் இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்வார். அதனால்தான் அவருக்கு விற்கும் கடைக்காரரும் உங்கள் குவியலைத் தொடவில்லை.

நானும் கொளுத்தியவள்தான். குட்டை போட்ட இரண்டாவது வருடம், ஒரு சாயங்காலம், பழைய வலை ஒன்றைக் கரையின் சரிவில் போட்டுத் தீ வைத்தேன். கரும்புகை எழுந்து, காற்று திரும்பி, பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருந்த மாடுகள் மேல் போய்ப் படிந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வலை இருந்த இடத்தில் இரண்டு கை அகலத்தில் ஒரு கறுப்புக் கட்டி, மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தது. கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க முடிந்தது. இன்றைக்கும் அது என் மோட்டார் அறை வாசலில் இருக்கிறது. உடைந்த பக்கத்தில் எரியாத பச்சை நூல் மயிர் மயிராகத் தெரியும்; இரண்டு ஈயக்குண்டுகள் பாதி புதைந்து நிற்கும்; ஒரு மிதவையின் ஓரம் நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். வலை எங்கேயும் போகவில்லை. எடுக்க முடிந்த பொருளாக இருந்தது, எடுக்க முடியாத பொருளாக ஆகிவிட்டது.

இப்போது நான் செய்வது இது. வலை ஓய்வு பெறும் வருடம், வேலை குறைந்த மாதத்தில், இரண்டு பேர் அரை நாள் உட்கார்ந்து மேல்கயிற்றையும் கீழ்க்கயிற்றையும் அறுத்தெடுப்போம். மிதவை தனியே. ஈயக்குண்டு தனியே ஒரு தகரத்தில். எண்ணி எடுப்போம், ஏனென்றால் ஈயம் தண்ணீரில் கிடக்கக் கூடாத நஞ்சு. வீட்டு அடுப்பில் யாரும் அதை உருக்கவும் கூடாது. வலையின் உடம்பைத் தொட்டியில் ஊறவைத்து, பாசியையும் சேற்றையும் மிதித்து அலசி, வேலியில் காயப்போட்டு, உதறி, கட்டாகக் கட்டுவோம். உதறுவது முக்கியம். வலைக் கண்ணில் ஒட்டிய மணல் அரவை இயந்திரத்தின் கத்தியை மழுக்கிவிடும். மணல் உள்ள கட்டுக்கு விலையும் விழும். இப்படிப் பிரித்த கட்டை எடுத்துக்கொண்டு போன முதல் தடவையே எடைக்குப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பெரிய பணம் இல்லை. இரண்டு பேர் அரை நாள் கூலிக்குச் சற்று மேலே வந்தது. ஆனால் கரை சுத்தமானது.

எது நைலான், எது பாலிதீன் என்று படிக்காத நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
— கானாடுகாத்தான் வாசகி

அம்மா, இதற்கு ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் கல்லுப்பும் போதும்.

விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முடிச்சு இருந்தால் அதை வெட்டி எறிந்துவிடுங்கள். முடிச்சுக்குள் காற்று ஒளிந்துகொண்டு ஏமாற்றும். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கசக்கி, காற்றுக் குமிழி போனபின் வாளிக்குள் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது பாலிதீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை. அமுக்கிய இடத்திலேயே மூழ்கிக் கிடந்தால் நைலான், பாலியெஸ்டர், பி.வி.சி. இவற்றில் ஒன்று.

மூழ்கியதை மறுபடி பிரிக்க வேண்டுமே? விதைநெல் தேர்வு செய்ய முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைப்போம் அல்லவா? அதைவிட அடர்த்தியாக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் உப்பு, இனி கரையாது என்கிற அளவுக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் நைலான் மிதக்கும். பாலியெஸ்டரும் பி.வி.சி.யும் அப்போதும் மூழ்கும். நைலானின் அடர்த்தி 1.14, உப்புத் தண்ணீர் 1.2க்குப் பக்கத்தில் வந்துவிடும், பாலியெஸ்டர் 1.38. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வளவில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகத் துண்டுகளைப் போட்டுப் பார்த்துப் பிரித்தார்கள். இரண்டு நாளில் அவர்களுக்குத் தொட்டுப் பார்த்தே சொல்லவரும் பழக்கம் வந்துவிட்டது.

பழைய கடைக்காரர்கள் நூலைக் கொளுத்தி வாசனை பார்ப்பார்கள். பாலிதீன் மெழுகுவத்தி அணைத்த வாசனை தரும். நைலான் தலைமுடி கருகிய வாசனை தரும். எனக்கு அந்த முறை பிடிக்காது. எரிவது பி.வி.சி.யாக இருந்தால் மூக்கை அறுக்கும் அமில வாயு வரும். வாளியே போதும்.

"சுழற்சிப் பொருளாதாரம்" என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் எதையுமே தூக்கி எறிந்தது கிடையாதே! இதில் புதிதாக என்ன இருக்கிறது?
— பள்ளத்தூர், 78 வயது வாசகர்

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்துபோய் எங்கள் வீட்டுச் சாமான் அறையைத் திறந்து பார்த்தேன். ஆத்தாவுக்குச் சீராக வந்த பித்தளைக் குடம் இன்னும் இருக்கிறது. கழுத்தில் விலாசம் வெட்டியிருக்கிறது. ஊரில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அந்த எழுத்து அதைத் திருப்பி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இடித்த வீட்டின் நிலையும் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, வேறு ஊரில் வேறு வீட்டில் போய் நிற்கின்றன. நீங்கள் சொல்வது உண்மை. பொருளை முடிந்தவரை பொருளாகவே வைத்திருப்பது நமக்குப் பழகிய வழக்கம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது ஐயா. பித்தளைக் குடம் நசுங்கினால் உருக்கி மறுபடி குடம் செய்யலாம். எத்தனை தடவை உருக்கினாலும் பித்தளை பித்தளைதான். பிளாஸ்டிக் அப்படி இல்லை. அது நீளமான சங்கிலிகளால் ஆனது. வெயில் அந்தச் சங்கிலியை அறுக்கிறது. உருக்கும் சூடும் அறுக்கிறது. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற பறவை வலையை உருக்கினால் மறுபடி வலைக்கு நூல் இழுக்க முடியாது. பூந்தொட்டியோ, பலகையோ, மண்வெட்டிப் பிடியோதான் ஆகும். அடுத்த சுற்றில் அதற்கும் கீழே. ஆகவே உருக்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பது. பிறகு வலையைப் பொத்திப் பயன்படுத்துவது. வேலை முடிந்ததும் நிழலில் சுருட்டி வைப்பது. பிறகுதான் அரவை ஆலை.

குடத்தில் விலாசம் வெட்டிய பழக்கத்தை நான் வலைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிய அன்றே ஓர் அலுமினியத் தகட்டில் பொருளின் பெயரையும் வருடத்தையும் ஆணியால் குத்தி மேல்கயிற்றில் கட்டிவிடுவேன். "நைலான், 2019" என்று இருந்தால் பிரிக்கிறவருக்கு வாளியும் வேண்டாம், உப்பும் வேண்டாம்.

அப்பச்சி பினாங்கில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் பையனாக, இருந்து கணக்குப் பழகியவர். ஐந்தொகை, அதாவது வரவும் பற்றும் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கணக்கு, சரிக்கட்டாமல் இரவில் படுக்க மாட்டார். அவர் கற்றுக்கொடுத்த முறையிலேயே குட்டைக்கு வரும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். கரைக்கு வந்தது எத்தனை கிலோ, கரையை விட்டுப் போனது எத்தனை கிலோ, இன்னும் வேலையில் இருப்பது எத்தனை கிலோ. இந்த மூன்றும் சரிக்கட்டவில்லை என்றால், விட்டுப்போனது தண்ணீருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் யாராவது ஒரே ஒரு யோசனை கேட்டால், இந்த நோட்டைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். மீன் தீவனச் சாக்கு மலிவாகக் கிடைக்கிறது. தவிடு, குருணை கட்ட வாங்கலாமா?
— புதுவயல் வாசகர்

வேண்டாம். மீன்தூளின் எண்ணெய் நெசவுக்குள் ஊறியிருக்கும்; எத்தனை தடவை அலசினாலும் போகாது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மனிதரும் மாடும் தின்னும் எதையும் அதில் கட்டாதீர்கள்.

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒன்று. 2 ஏக்கர் குட்டையில் வருடத்துக்கு 7 டன் தீவனம் போடுகிறேன் என்றால், 35 கிலோ மூட்டையில் 200 சாக்கு. ஒரு சாக்கு ஏறத்தாழ 100 கிராம். வருடத்துக்கு 20 கிலோ பாலிபுரோப்பிலீன் சும்மா கரைக்கு வந்து சேர்கிறது. வலையைவிட இதுதான் அதிகம். ஆனால் யார் கண்ணிலும் படுவதில்லை. சாக்கில் மண் நிரப்பிக் கரை உடைப்பை அடைப்பவர்களைப் பார்க்கிறேன். அவசரத்துக்குச் சரி, ஆனால் மழை ஓய்ந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு கோடை வெயில் பட்டால் போதும், சாக்கு நார் நாராக உதிர்ந்து குட்டைக்குள் போய்விடும். சாக்கின் உள்ளே மெல்லிய பாலிதீன் உறை இருந்தால் அதை உருவித் தனியே வையுங்கள். வெளிச்சாக்கைத் தட்டி உதறி, பத்துப் பத்தாக மடித்துக் கட்டினால் கடையில் நிச்சயம் எடுப்பார்கள். தீவனம் இறக்கும் வண்டி காலியாகத்தானே திரும்புகிறது? முகவரிடம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் நான்கு பண்ணைக்காரர்கள் சேர்ந்து கேட்ட பிறகு எங்கள் முகவர் கட்டைத் திருப்பி எடுத்துப்போகிறார்.

இரண்டு பயோபிளாக் தொட்டி போட்டேன். தார்ப்பாய் மூன்றாவது வருடமே கிழிந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால் பதில் இல்லை. இந்தக் கிழிந்த தார்ப்பாயை என்ன செய்வது?
— திருப்பத்தூர் வாசகர்

இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியான பதில் என்னிடம் இல்லை தம்பி.

பயோபிளாக் என்பது மீன் கழிவை நுண்ணுயிர்கள் மூலம் தீவனமாக்கி, சின்னத் தொட்டியில் நெருக்கமாக மீன் வளர்க்கும் முறை. அந்தத் தொட்டித் தார்ப்பாய்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் நெசவின் இரண்டு பக்கமும் பி.வி.சி. பூசியவை. பலமாக இருப்பதற்குக் காரணமே அந்த ஒட்டுதல்தான். மறுசுழற்சிக்கு எதிரியும் அதுவே. பூச்சையும் நெசவையும் பிரிக்கும் வசதி நம் பக்கத்துச் சின்ன ஆலைகளில் கிடையாது. கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும். ஆகவே தீயை நினைக்கவே நினைக்காதீர்கள்.

கிழிசலைச் சூடுகாற்று வைத்து ஒட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். பந்தல், லாரித் தார்ப்பாய் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். எங்கள் உறவினர் ஒருவரின் தொட்டி அப்படி ஒட்டி இன்னும் இரண்டு வருடம் ஓடியது. அதற்கும் வழியில்லை என்றால் நல்ல பகுதியை வெட்டி வைக்கோல் போரை மூடலாம், விறகுக் கொட்டகைக்குப் பக்கத் தடுப்பாக்கலாம்.

உண்மையான தீர்வு வாங்கும் நாளில் இருக்கிறது. அடுத்த தொட்டிக்கு முழுவதும் ஒரே பொருளால் ஆன ஹெச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிதீன்) விரிப்பைக் கேளுங்கள். தொண்டிப் பக்கம் இறால் குட்டைகளில் விரித்திருக்கும் கறுப்பு விரிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஆயுள் முடிந்ததும் அலசி, சுருட்டி, அப்படியே அரவைக்குக் கொடுக்கலாம். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் வந்தது முதல் மானியத்தில் ஊருக்கு ஊர் பயோபிளாக் தொட்டி முளைத்தது. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம் என்று உதவி கிடைத்தது நல்ல காரியம்தான். அந்தத் தொட்டிகளின் தார்ப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழியும் காலம் இது. வாங்கக் கொடுத்த உதவியோடு, திருப்பி எடுக்கவும் ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கல்லூரியில் இதே தலைப்பில் கட்டுரை எழுதுகிறேன் ஆச்சி. வெளிநாடுகளில் மீன் வளர்ப்புப் பிளாஸ்டிக்கை என்ன செய்கிறார்கள்?
— காரைக்குடி மாணவி

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகம் வளர்த்து எடுத்த மீன், இறால், சிப்பி வகைகள் 9 கோடியே 44 லட்சம் டன். பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகமானது அந்த வருடம்தான் முதல் தடவை. அந்த மீனுக்கெல்லாம் வலையும் கயிறும் குழாயும் சாக்கும் வேண்டும்.

நார்வேயை எடுத்துக்கொள். சால்மன் வளர்க்கும் கடல் கூண்டு ஒன்றின் சுற்றளவு 160 மீட்டர், அதற்கு மேலும் உண்டு. குறுக்கே 50 மீட்டர் என்றால் நம் ஊர் ஊருணி ஒன்றைத் தூக்கிக் கடலில் மிதக்கவிட்டது போல. மிதக்கும் வளையம் முழுவதும் தடித்த ஹெச்.டி.பி.இ. குழாய். ஒரே பொருள், கனமானது, எடுத்து அறுப்பதற்கு எளிது. இது மறுசுழற்சிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த சரக்கு. அறுத்து, அலசி, அரைத்து, உருக்கிக் குருணையாக்கிவிடுகிறார்கள். வலைதான் சிரமம். பாசி பிடிக்காமல் இருக்கச் சில கூண்டு வலைகளுக்குச் செம்பு கலந்த பூச்சு பூசுவார்கள். அதைக் கழுவி எடுக்காமல் உருக்க முடியாது. தீவனம் காற்றழுத்தத்தில் நீண்ட பிளாஸ்டிக் குழாய் வழியே போவதால் குழாயின் உட்புறம் தேய்ந்து நுண்துகளாகக் கடலில் கலப்பதையும் அங்கே கண்டறிந்திருக்கிறார்கள்.

டென்மார்க்கின் லெம்விக் என்ற ஊரில் பழைய வலையையும் கயிற்றையும் பாலிதீன், பாலிபுரோப்பிலீன் குருணையாக மாற்றும் ஆலை அமைத்தார்கள். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் நடப்பது இன்னும் ஆழமானது. 2011 முதல் அங்கே நைலான் வலையை உருக்குவதோடு நிற்காமல், வேதிமுறையில் உடைத்துக் காப்ரோலாக்டம் என்னும் மூலப்பொருளுக்கே கொண்டுபோகிறார்கள். அதிலிருந்து மறுபடி நைலான் நூல் செய்தால் அது புது நூலுக்குச் சமம். எக்கோனில் என்பது அந்த நூலின் பெயர். நீச்சலுடை, தரைவிரிப்பு என்று போகிறது. பள்ளத்தூர் ஐயாவுக்குச் சொன்ன பித்தளைக் குடம் நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக்கில் அதற்கு மிக நெருங்கி வருவது இந்த முறைதான். ஆனால் எல்லா நைலானும் இதற்கு ஆகாது. நைலான்-6 வகை மட்டும்தான் இப்படிச் சுலபமாகப் பின்னோக்கிப் போகும். உன் கட்டுரையில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுது.

சட்டத்தையும் சேர்த்துக்கொள். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் ஆணை, மீன்பிடிக் கருவிகளையும் கடல்மீன் வளர்ப்புக் கருவிகளையும் சேர்த்துப் பேசுகிறது. 2024 முடிவுக்குள், பழைய கருவியைச் சேகரித்துக் கையாளும் செலவை அதைச் செய்து விற்றவரே ஏற்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. வெளிநாட்டோடு நிறுத்திவிடாதே. கேரளத்தில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் 2017இல் தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டத்தில், மீனவர்கள் வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கைக் கடலிலேயே கொட்டாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் பெண்கள் உட்கார்ந்து அலசிப் பிரித்தார்கள். பொடியாக்கிச் சாலைக்குக் கொடுத்தார்கள்.

மதுரையில்தானே பிளாஸ்டிக் சாலை கண்டுபிடித்தார்கள்? பழைய வலையை எல்லாம் அதற்கே கொடுத்துவிட்டால் என்ன?
— மதுரை வாசகர்

ஆம், தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறை அது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், உருகி ஒரு மெல்லிய போர்வை போல ஒட்டிக்கொள்ளும். பிறகு தார் சேர்ப்பார்கள். அந்தச் சூட்டில் உருகுவது பாலிதீன், பாலிபுரோப்பிலீன். நைலான் உருகாது. பி.வி.சி.யைச் சேர்க்கவே கூடாது. ஆகவே வலையின் உடம்பு அதற்கு ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலைக்குள் போன பிளாஸ்டிக் திரும்பி வராது. அழுக்கேறி, வேறு எதற்கும் ஆகாத மெல்லிய பைக்கு அது நல்ல முடிவு. மீன்குஞ்சு ஆக்சிஜன் நிரப்பி வரும் பாலிதீன் பை போன்ற சுத்தமான, தெளிவான பையைச் சாலையில் போடுவது வீண். அலசிக் காயவைத்தால் அது மறுபடி பையாகவே ஆகக்கூடியது.

தெர்மாகோல் பெட்டி, தெர்மாகோல் மிதவை?
— சிங்கம்புணரி வாசகர்

முடிந்தால் கரைக்குக் கொண்டுவராதீர்கள். அதில் 98 சதவீதம் காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் எடையில் ஒன்றும் இருக்காது, அதனால் கடைக்காரர் எடுக்க மாட்டார். வெயில் பட்டால் மணி மணியாக உதிரும். தீவனம் என்று நினைத்து மீன் கொத்தும். மீன் அனுப்ப மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். மிதவைக்கு, வாய் இறுக மூடிய பழைய கேன் போதும். பூச்சிமருந்துக் கேன் மட்டும் கூடாது.

எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். பழைய வலையில் பை தைத்து விற்கலாமா? எங்களில் பாதிப் பேர் ஓலைக் கொட்டான் முடைபவர்கள், மற்றவர்கள் ஒயர் கூடை பின்னுபவர்கள்.
— கோட்டையூர் மகளிர் குழு

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கை வேலை தெரிந்த பன்னிரண்டு பேர் இருப்பது பெரிய சொத்து.

பறவை வலையில் காய்கறிப் பை நன்றாக வரும். வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் காற்றோட்டமாக இருக்கும். தீவனச் சாக்கில் தோட்டத்துப் பையும் மண்ணள்ளும் கூடையும் தைக்கலாம். பத்து, இருபது தைத்துச் சந்தையில் வைத்துப் பாருங்கள். ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஒருவர் வாங்கும் பை பல வருடம் உழைக்கும். அவரே அடுத்த மாதம் வந்து வாங்க மாட்டார்.

உங்களுக்கு நிலையான வருமானம் பிரிக்கும் வேலையில் இருக்கிறது. தேவகோட்டைத் தம்பியின் கேள்வியைப் படித்தீர்களா? அவரைப் போலப் பண்ணைக்குப் பண்ணை ஒருவர் குவியலோடு நிற்கிறார். கயிற்றை அறுத்து, ஈயத்தைக் கழற்றி, அலசி, வகைக்கு ஒரு கட்டாகக் கட்டித்தர அவர்களுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஒரு தனிப் பண்ணையின் 30 கிலோவுக்காக ஆலை வண்டி வராது. இருபது பண்ணையின் சரக்கு ஓரிடத்தில், பிரித்து, காய்ந்து, கட்டாக இருந்தால் வரும். தேவையானது ஒரு நிழல் கொட்டகை, இரண்டு தொட்டி, ஒரு தராசு, நல்ல கத்தரிக்கோல். அலசும் தண்ணீர் கண்மாய்க்கோ வாய்க்காலுக்கோ போகாமல், மண்ணும் பாசியும் படிய ஒரு குழி வெட்டிக்கொள்ளுங்கள். ஈயம் கழற்றுபவர் கையுறை போட வேண்டும், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. கொட்டான் முடைபவரின் கைக்கு ஓலையின் பதம் தொட்டாலே தெரியும். நைலானும் பாலிதீனும் அந்தக் கைக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தொடங்குவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கள் பக்கத்து நான்கு பண்ணைச் சரக்கும் உங்களுக்குத்தான்.

நுண்பிளாஸ்டிக் மீனுக்குள் போய் நமக்கும் வருமா?
— நேமத்தான்பட்டி வாசகி

மீன் விழுங்கும் துகள் பெரும்பாலும் குடலில்தான் காணப்படுகிறது. கட்லா, ரோகு, விரால் எல்லாம் குடல் எடுத்துத்தான் சமைக்கிறோம். அயிரையை முழுசாகக் குழம்பில் போடுகிறோம். அயிரை வாழும் கண்மாய்ச் சேற்றில் சாக்கு நார் விழாமல் பார்த்துக்கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம் அம்மா.

ஐந்தொகை நோட்டு வைத்திருப்பதாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். உங்கள் கணக்கு இந்த வருடம் சரிக்கட்டியதா?
— கண்டனூர் வாசகர்

கட்டவில்லை. உள்ளதை அப்படியே எழுதுகிறேன். வரவு 58 கிலோ. கடைக்கும் முகவருக்கும் போனது 37. இன்னும் குட்டையில் வேலை செய்துகொண்டிருப்பது 14. ஏழு கிலோ கணக்கில் இல்லை.

சித்திரையில் குட்டையை வற்ற வைத்தபோது சேறு வெடிக்கும் முன்னால் நானும் வேலையாட்களும் வரிசையாக நின்று தேடினோம். கலுங்குப் பக்கம் கயிற்றுத் துண்டுகள், மடை வாயில் சாக்கு நார், மருத மரத்தடியில் பறவை வலையின் ஒரு கிழிசல். அந்தக் கிழிசலுக்குள் ஒரு நீர்க்காகத்தின் எலும்பு இருந்தது. கால் விரலில் நூல் இறுகச் சுற்றியிருந்தது. அந்த வலையை நான் போன ஆடியில் கட்டினேன். காற்றில் பிய்ந்த மூலையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது நினைவிருக்கிறது.

எல்லாம் சேர்த்து நிறுத்தால் 3 கிலோ. மீதி 4 கிலோவைப் பாக்கி என்று எழுதி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். மழைக்கு முன் வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்யும்போது அங்கேயும் தேட வேண்டும்.